சம்பந்தி வீட்டு வாசலில் ஒரு வால்வு

"போயிட்டு வாரோம்" என்று இரண்டாவது முறையாகக் கும்பிட்டுவிட்டு அருள்சாமி காரில் ஏறி உட்கார்ந்தார். மகன் ராபின் சாவியைத் திருகினான். இன்ஜின் இருமியது, ஒரு உலுப்பு உலுப்பியது, மறுபடியும் அடங்கிவிட்டது.

வாசலில் பெண்ணின் அப்பா சூசைராஜ், கும்பிட்ட கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

பெண் பார்க்க வந்த காரியம் நன்றாகத்தான் முடிந்திருந்தது. இலுப்பூரை ஒட்டிய கிராமத்தில் இப்படி ஒரு மாடி வீடு இருக்கும் என்று அருள்சாமி நினைக்கவில்லை. வழுவழுவென்று தரை, சுவரளவுக்கு டிவி. பெண் டயானா கொண்டுவந்த காபியில் சீனி இல்லை. ராபின் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இப்படி ஒரு காபி குடித்ததே இல்லை என்றான். முப்பத்திரண்டு வயதில் முதல் முறையாக அவன் முகத்தில் ஒரு வெட்கம் தெரிந்தது. அம்மா ஜெயராணி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். கார் அருள்சாமியுடையது அல்ல.

"மாப்பிள்ளை வீட்டுல சொந்தக் காரு" என்று பொய் சொன்னது தரகர். அருள்சாமி மறுக்கவில்லை, அவ்வளவுதான். மறுக்காமல் இருப்பதும் பாவத்தில் சேருமா என்று போன வாரம் சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் கேட்டிருக்கலாம். கேட்க மறந்துவிட்டார், அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டார். கார் இல்லை என்றதும் முன்பு இரண்டு வீட்டார் பின்வாங்கியிருந்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்ததே இந்தக் காரைப் பார்த்துத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சொந்த ஊரான ஆவூரில் எதிர்வீட்டு ஞானமணி வாத்தியார் சாவியைக் கொடுக்கும்போது, இன்ஜினில் லேசாக ஒரு இரைச்சல் இருக்கிறது, கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இப்போது ஊரே கண்டுகொண்டிருந்தது.

"பானட்டைத் தொறங்க, பாப்போம்" என்றார் சூசைராஜ்.

அருள்சாமி கீழே குனிந்து ஒரு பிடியை இழுத்தார். பெட்ரோல் மூடி திறந்தது. இன்னொன்றை இழுத்தார். டிக்கி திறந்தது. ராபின் வந்து தேடினான், சீட்டு பின்னால் சாய்ந்தது. சொந்தக் காரின் முகத்தைத் திறக்கத் தெரியாத மனிதரை சூசைராஜ் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எப்பவும் டிரைவர்தாங்க தொறப்பாரு" என்றார் அருள்சாமி.

"டிரைவர் வேற இருக்காரா? இன்னைக்கி வரலையா?"

"லீவுங்க."

ஜெயராணி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். வரும்போது ஒரு கார்தான் இருந்தது, போவதற்குள் டிரைவரும் சேர்ந்துவிட்டார்.

இலுப்பூரிலிருந்து மெக்கானிக்கை வரச் சொல்கிறேன் என்று சூசைராஜ் போனை எடுத்தார். வாத்தியார் இந்தக் காரைப் பழுதுபார்க்க விடுவதே அந்த மெக்கானிக்கிடம்தான். வந்தால் முதல் வார்த்தையே, வாத்தியார் வண்டி இங்கே எப்படி வந்தது என்பதாகத்தான் இருக்கும். ஆகவே அருள்சாமி, தன் வண்டியில் வெளியாள் கை வைக்க விடுவதில்லை என்று கொஞ்சம் கறாராகவே சொல்லிவிட்டார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வெளியாள் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார். எதிரே வேப்பமரத்தடியில் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர். பக்கத்து வீட்டு ஐயனார், டிராக்டர் வைத்திருக்கிறார், இன்ஜின் அவருக்கு அத்துப்படி என்றார் சூசைராஜ். மரத்தடியில் ஐயனாரின் மனைவி சொர்ணவல்லி இடுப்பில் பிள்ளையோடும் கையில் காய்கறிப் பையோடும் இன்னமும் நின்றாள். அடுத்தவன் மானம் போவதைப் பார்க்க இப்படியும் கால்கடுக்க நிற்பார்களா என்று அருள்சாமிக்கு எரிச்சலாக வந்தது.

ஐயனார் இரண்டு ரப்பர் குழாய்களுக்கு நடுவே இருந்த கட்டைவிரல் அளவு வால்வு ஒன்றைக் காட்டினார்.

"இன்ஜினுக்குள்ள சேர்ற புகை இது வழியாத்தான் வெளிய போகணும். கசடு அடைச்சு மூச்சு முட்டுது. கழட்டிக் கழுவுனா முடிஞ்சுது."

கழற்றினார். கூடவே ரப்பர் குழாயும் கிழிந்து கையோடு வந்தது.

கழுவுவதற்குப் பெயின்ட் தின்னர் கேட்டார்கள். சூசைராஜின் மனைவி உள்ளே போய் ஒரு கதவைத் திறந்தாள், அது பாத்ரூம். இன்னொன்றைத் திறந்தாள், அதில் துணிமணி. ஐயனார் பொறுமையிழந்து விறுவிறுவென்று உள்ளே போய், மாடிப்படிக்குக் கீழேயிருந்து தின்னர் டப்பா, ஸ்பேனர், சைக்கிள் டியூப், பழைய பனியன் துணி எல்லாவற்றையும் ஒரே நடையில் எடுத்து வந்தார். அக்கம்பக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஜெயராணி மெச்சினாள்.

சூசைராஜுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. மரத்தடியைப் பார்ப்பதும் காரைப் பார்ப்பதுமாக இருந்தார். பொழுது போவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டாமா என்று இரண்டு முறை கேட்டார். வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நம்மைத் துரத்தத்தான் பார்க்கிறார், சம்பந்தம் கை நழுவியது என்று அருள்சாமி முடிவு செய்துகொண்டார். ராபினுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. டயானா ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் அவன் கார் டயரை ஒரு முறை தட்டிப் பார்த்தான்.

வால்வு பளிச்சென்று ஆனது. கிழிந்த குழாயைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டினார்கள். சாவியைத் திருகியதும் இன்ஜின் ஓடியது. அருள்சாமி மூன்றாவது முறையாக "போயிட்டு வாரோம்" என்று கும்பிட்டார். சூசைராஜ் ஆசை ஆசையாகக் குனிந்து இன்ஜினைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஆயில் அளக்கும் கம்பி துள்ளி வெளியே வந்தது. பின்னாலேயே ஆயிலும் வந்தது. சூசைராஜின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு.

ராபின் இன்ஜினை நிறுத்தினான். டிராக்டரில் இப்படியெல்லாம் ஆகாது என்று ஐயனார் முணுமுணுத்தார்.

இனிமேல் போவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்ற நினைப்பில் அருள்சாமிக்கு ஒரு துணிச்சல் வந்தது. வால்வைப் பிடுங்கி வாயில் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. மறுமுனையைத் திருப்பி வைத்து ஊதினார். சுலபமாகப் போனது. ஒரு பக்கம்தான் வழிவிடும் சாமான் அது. அதைத் தலைகீழாக மாட்டி, புகை போகும் வழியை அடைத்துவிட்டுத்தான் கும்பிட்டு விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். துடைத்துப் பார்த்தால், உடம்பில் சின்னதாக ஒரு அம்புக்குறியே இருந்தது.

திருப்பி மாட்டினார், கட்டினார், கம்பியைச் சொருகினார். ராபின் சாவியைத் திருகினான். இன்ஜின் நடுக்கமில்லாமல் சீராக ஓடியது. வாத்தியார் சொன்ன இரைச்சலும்கூட இல்லை. அருள்சாமிக்கு நெஞ்சில் ஏறியிருந்த கல் பாதி இறங்கியது.

மீதிப் பாதி இறங்கவில்லை. எதிரே சட்டையெல்லாம் ஆயிலோடு சூசைராஜ், ஒரு கோபமும் காட்டாமல் நின்றார். இந்த மனிதரிடம் இனியும் பொய்யனாக இருக்க அருள்சாமிக்கு மனம் வரவில்லை. உதடெல்லாம் கரியாக இருக்க, அப்படியே சொல்லிவிட்டார்.

"இந்தக் காரு எங்களுது இல்லீங்க. எதிர்வீட்டு வாத்தியார் காரு. டிரைவரும் கெடையாது. எங்கிட்ட இருக்கிறது ஒரு மொபெட்டும் கொஞ்சம் கடலைக் காடும்தான். எம்மகன் நல்லவன், அது மட்டும் நெசம்."

சூசைராஜ் கார் பம்பரில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"வந்ததுமே சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"சொல்லியிருந்தா இந்த வீட்டுக்குள்ள விட்டிருப்பீங்களா?"

சூசைராஜ் எழுந்து வந்து அருள்சாமியின் கரிக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எம்பொண்ணுக்கு ஒங்க மகனைப் புடிச்சிருக்கு. எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. காரு என்னங்க காரு, சம்பந்தி."

சம்பந்தி என்ற அந்த ஒரு சொல்லில் மீதிக் கல்லும் இறங்கியது. ஜெயராணி வெளிப்படையாகவே அழுதாள். ராபின் இல்லாத தூசியைக் கண்ணிலிருந்து தட்டினான். இவ்வளவு பெரிய வீட்டில் இவ்வளவு பெரிய மனசா என்று அருள்சாமி மாடியை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார்.

"நானும் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், சம்பந்தி" என்று சூசைராஜ் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

அதற்குள் வேப்பமரத்தடியிலிருந்து சொர்ணவல்லி பிள்ளையோடும் காய்கறிப் பையோடும் தெருவைக் கடந்து மாடி வீட்டு வாசற்படியில் காலை வைத்தாள்.

"சூசையண்ணே, பேசி முடிச்சாச்சுல்ல? இனிமேலாச்சும் எங்க வீட்டுக்குள்ள நாங்க போகலாமா? சோத்துக்கு ஒலை வைக்கணும்."