கண்ணாடியில் மோதிய மீன்கொத்தி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உன் அறையும் நலம். அங்கே நீயும் உன் கம்பெனியும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் “அப்புறம் பேசறேன்பா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை காலையில் உன் அறை ஜன்னலில் டொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வெளியே தரையில் ஒரு மீன்கொத்தி, ஒரு இறக்கையைத் தொங்கப்போட்டு, வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நீலம் என்றால் அப்படியொரு நீலம், நீ பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன ரிப்பன் மாதிரி. அம்மா தண்ணீர் ஊட்டப் போனாள், நான் விசிறப் போனேன், இரண்டு பேருக்கும் சண்டை வந்து, அதைக் கேட்டே அது பாதி மயங்கிவிட்டது. மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, இருட்டான பெட்டியில் வைத்துவிட்டு இருவரும் வாயை மூடுங்கள், அதுவே பாதி வைத்தியம் என்றார். உன் பழைய ஷூ பெட்டியில் ஓட்டை போட்டு வைத்து பஸ் ஏறினோம். முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன் சும்மா இருப்பேனா, வளைவு வரும்போதெல்லாம் டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லிக் கத்தினேன். அந்தக் கண்டக்டர் வந்து பெட்டியில் என்ன என்று கேட்டான். பேஷன்ட் என்றேன்.

பறவை ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நோயாளி பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். வயது ஐந்து. சின்ன வயதில் மாசம் தவறாமல் காய்ச்சலில் விழுவாய், ஆஸ்பத்திரிப் படிவம் என்றாலே என் கை அதைத்தான் எழுதும், நான் என்ன செய்ய? நர்ஸ் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அம்மா சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

எலும்பு முறியவில்லை, ஆனால் பிழைக்குமா என்பதை இப்போதே சொல்ல முடியாது என்று டாக்டரம்மா அங்கேயே வைத்துக்கொண்டார். தினமும் நர்ஸ் போன் செய்து, “உங்க பொண்ணு இன்னிக்கு மூணு மீன் சாப்பிட்டா, நல்லா தூங்கினா” என்பாள். நீ போன இந்த மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி இவ்வளவு விவரமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

பறவையைத் திரும்ப வாங்கப் போனபோது டாக்டரம்மா கேட்டார்: “கண்ணாடியை யாரு இப்படித் துடைக்கிறது? அங்க கண்ணாடி இருக்குன்னே பறவைக்குத் தெரியல.”

நான் அம்மாவைக் கைகாட்டினேன். தினமும் காலையில் துடைக்கிறாள், அந்த ஜன்னலில்தான் தெருமுனை பஸ் ஸ்டாப் தெரியும், நீ வந்தால் அங்கேதானே இறங்குவாய்? பெற்ற மனசு, என்னை மாதிரிக் கல்லா? அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குளத்தங்கரையில் பெட்டியைத் திறந்தோம். விர்ரென்று போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெயர்ப் பொருத்தம் அப்படி. டாக்டரம்மா சொன்னபடி கண்ணாடி முழுக்கக் காகிதத் துண்டு ஒட்டிவிட்டேன். இனி ஸ்டாப் தெரியாது, அம்மாவுக்குத்தான் கஷ்டம்.

ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. லீவு கிடைக்காவிட்டால் வர வேண்டாம், வேலைதான் முக்கியம். வேளாவேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

ஆசிகளுடன்,
அப்பா

பி.கு.: அம்மா இதைப் படித்துவிட்டாள். உண்மையை எழுதாமல் தபாலில் போட மாட்டாளாம். கண்ணாடியைத் துடைத்தது நான்தான். தினமும், மூன்று வருஷமாக. காகிதம் ஒட்டும்போது ஒரு கண் வைத்துப் பார்க்கிற அளவு இடம் விட்டிருக்கிறேன், டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டாம். லீவு கிடைக்காவிட்டாலும் வா.