இந்த முறைக்கு அனுமதி இல்லை

"நாலாயிரம் பேருக்கா சோறு வடிக்கணும்? இது கல்யாணமா, தேர்த் திருவிழாவாம்மா?"

சமையல்காரர் தங்கவேல் போனில் அலறியபோது, கல்யாணப்பெண் கீர்த்தியின் கையில் மருதாணிகூடக் காயவில்லை.

அழைப்பிதழை அவளே இணையப் பக்கமாகச் செய்திருந்தாள். கீழே 'வருகிறேன்' என்று ஒரு பொத்தான். இணையப் பக்கம் கட்டும் குட்டி ஃபிரேம்வொர்க் ஒன்றில் அவசரமாக எழுதியது. பக்கத்தைப் பார்க்கக் கேட்பது 'கெட்', பதில் அனுப்புவது 'போஸ்ட்'. இந்த இரண்டு 'முறை'களையும் அவள் பிரிக்கவே இல்லை. சும்மா எட்டிப் பார்த்தவர்களையெல்லாம் வருகிறவர்களாக எண்ணி, பக்கம் பந்தியில் உட்காரவைத்துவிட்டது.

ஒற்றை விரலால் தட்டித் திருத்தினாள்: இனி போஸ்ட் மட்டும். எண்ணிக்கை நின்றது. பக்கமும் நின்றது. திறந்தவர்களுக்கெல்லாம், அவளே ஆசையாகத் தமிழ்ப்படுத்திய பிழைச்செய்திதான் வந்தது: 'இந்த முறைக்கு அனுமதி இல்லை.'

சித்தி உஷாராணி மூச்சிரைக்க வந்தாள். "சித்தி முறைக்கு அனுமதி இல்லையாடி? நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"அந்த முறை இல்ல சித்தி. கெட்டுனு ஒரு முறை..."

"கெட்ட முறையா!" சித்தி அழுதேவிட்டாள்.

கெட்டுக்குப் பக்கம், போஸ்டுக்குப் பதில் என்று கீர்த்தி ஒழுங்காகப் பிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். 'எல்லா முறைக்கும் அனுமதி உண்டு' என்று வாட்ஸப்பிலும் போட்டாள். விஷயம் தெரியாமல் இருந்தவர்களுக்கும் அதில்தான் தெரிந்தது. பனித்திட்டு ஊர் முழுக்க அதே பேச்சு.

அம்மா முத்துலட்சுமி முகம் வெளுத்துப்போனாள். மீன்பிடி வலைத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் காத்தவராயன் பக்கத்துத் தெருதான். கூப்பிடப் போய், வாய் வராமல் தெருமுனையிலிருந்தே அவள் திரும்பியிருந்தாள். தாய்மாமன் இல்லாமல் பெண் எப்படி மணையில் உட்காருவாள்? இந்தப் பேச்சும் அவர் காதுக்குப் போனால்?

பயந்தது போலவே வாசலில் இடிக்குரல். "மாமன் முறைக்கு அனுமதி இல்லையாமே? போன்ல என் கண்ணால பாத்தேன்! எம் மருமவளுக்கு நான்தான் மாலை போடுவேன். எவன் தடுக்குறான், பாக்கறேன்!"

முத்துலட்சுமி வாசலுக்கு ஓடி வந்தாள். "சாப்ட்டியாண்ணே?"

அவர் முறைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். தங்கை பரிமாற, இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள்.

கீர்த்தி, மாமாவோடு வந்திருந்த அவர் மனைவி சின்னபொண்ணுவிடம் மெல்லப் போனாள். "தப்பு என்னுதுதான் அத்தை. மாமா போன்ல அப்படி வந்துருக்கக் கூடாது."

சின்னபொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"எந்தப் போன்லடி? அவுருகிட்ட இருக்கறது பட்டன் போனு. வர்றதுக்கு ஒரு சண்டையாவது கெடைக்காதான்னு, ஒரு வாரமா புதுச் சட்டையைப் போட்டுக்கினு ஒக்காந்திருந்தாரு."