இரண்டாவது சப்வூஃபரைத் திரும்ப எடுத்துக்கொள்வது குறித்து

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். ஜன்னல் கண்ணாடிகளும் இதுவரை நலம். நீங்களும் மகளும் நலமாகவே இருப்பீர்கள். தூரத்தில் இருக்கிறீர்கள் அல்லவா.

போன வாரம் நீங்கள் அன்போடு கொண்டுவந்து வைத்த இரண்டாவது சப்வூஃபர் என்கிற அந்த இடிமுழக்க ஒலிபெருக்கிப் பெட்டி பற்றித்தான் இந்தக் கடிதம். ஒன்று மட்டும் இருந்தால் அறையில் ஓரிடத்தில் இடி இடிக்கும், இன்னோரிடத்தில் ஒன்றுமே கேட்காது, இரண்டு வைத்தால் எல்லா நாற்காலிக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்றீர்கள். சரி என்றேன். உடனே பெட்டியைத் தூக்கி என் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறது என்று பார்க்கச் சுவரோரமாகத் தவழ ஆரம்பித்தீர்கள். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர் வந்தார். "மாப்பிள்ளை எதையாவது தொலைச்சிட்டாரா?" என்றார். "சத்தத்தைத் தேடுறார்" என்றேன். அவரும் குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்துவிட்டுப் போனார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது, நீங்கள் சொன்னது போலவே நடந்துவிட்டதுதான். இத்தனை காலமும் அத்தை ஜன்னலோர நாற்காலியில் வார இதழ் படிப்பாள், நான் இந்தப் பக்கம் போர்ப் படம் பார்ப்பேன். பீரங்கி வெடிக்கும்போது "கேட்டியா?" என்பேன். "என்னத்தை?" என்பாள். காது மந்தம் என்று நானும் விட்டுவிடுவேன். குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பீரங்கி அவள் நாற்காலிக்கும் போகிறது. நேற்று வெடித்ததும் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவள் மகளைத்தானே கட்டியிருக்கிறீர்கள். எனக்கு வீட்டில் நிம்மதி வேண்டும். ஆகவே வரும் ஞாயிறு வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். இந்த முறை தவழ வேண்டாம்.

இருவரும் எல்லா நலமும் பெற்று, முடிந்தவரை சத்தமில்லாமல் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது அத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "என்னைக் கேக்காம எதை எடுத்துட்டுப் போகச் சொல்றீங்க? நீங்க கேட்டியா கேட்டியான்னு கேக்கறப்பல்லாம் எனக்கு ஒண்ணுமே கேக்காது. காது போயிடுச்சுன்னு எவ்வளவு பயந்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா? கோளாறு நாற்காலி கிடந்த இடத்துலன்னு நேத்துதான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பெட்டியும் இங்கேயே இருக்கட்டும். தன் காது நன்றாக இருப்பதால், இனிமேல் நான் வாய்க்குள் முணுமுணுப்பதும் தனக்குக் கேட்கும் என்று உங்களுக்கும் எழுதச் சொன்னாள்.