போணி நேரத்துக் கராத்தே

ஏமாறாதவர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. அடையாளம் காண்பது சுலபம். யார் வீட்டில் எந்தப் பொருள் புதிதாக வந்திறங்கினாலும், அது மிக்ஸியாகட்டும், மெத்தையாகட்டும், மாப்பிள்ளையாகட்டும், முதல் ஆளாக வந்து, தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, "எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டு, நீங்கள் எந்தத் தொகையைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்கி, "என்னையக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்பார். அவ்வளவுதான். அன்றிலிருந்து உங்கள் மிக்ஸி சரியாக அரைக்காது.

அப்படி ஒருவரைத்தான் இப்போது உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தப்போகிறேன். அதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள். இந்தக் கதைக்கு இன்று காலையில் நீங்கள்தான் முதல் ஆள், போணி. பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

அவர் பெயர் அப்துல் ரவூப். தாராவியில் பின்பக்கம் தோல் பட்டறை, முன்பக்கம் கைப்பைக் கடை. கயத்தாறுப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் இதுவரை ஒருவனிடமும் ஏமாந்ததில்லை என்பது அவரே பலமுறை சொல்லி எல்லோருக்கும் மனப்பாடமான செய்தி. வியாபாரத்தில் அவருக்கு இரண்டு கொள்கைகள். முதலாவது, போணி. காலையில் கடையேறி வரும் முதல் ஆள் வெறுங்கையோடு இறங்கக்கூடாது. ஒருமுறை ஒருவர் ஏழெட்டுப் பைகளை இறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் நடையைக் கட்டினார். ரவூப் அவர் பின்னாலேயே சயான் ஸ்டேஷன் வரை போய், டிக்கெட் வரிசையில் வைத்து ஒரு பர்ஸை விற்றுவிட்டுத்தான் திரும்பினார். லாபமா? நஷ்டம்தான். ஆனால் போணி!

இரண்டாவது கொள்கையைப் பட்டறை ஆட்களுக்கு அடிக்கடி போதிப்பார். "வேண்டாம்னு சொல்லுதவனை விட்ராதீங்கடே. வேண்டாம்னா வேணும்னுதான் அர்த்தம். வெல படியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வேண்டாம்ங்கான்."

இந்த இரண்டாவது கொள்கையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரவூபுக்கு சுலைகா என்று ஒரு மகள். சயானில் ஒரு காலேஜில் முதல் வருஷம் முடித்திருந்தாள். நடந்துபோகிற தூரம்தான். ஆனால் அறுபதடி ரோட்டு முக்கில் லூனா வண்டியைச் சாய்த்து நிறுத்திக்கொண்டு ஒருவன் தினமும் நின்றான். சாயா குடிக்க வருகிறாயா என்பான். இவள் வேண்டாம் என்பாள். மறுநாள் சினிமாவுக்கு வருகிறாயா என்பான். வேண்டாம் என்பாள். அதற்கு மறுநாள் மீண்டும் சாயா. வருஷம் முழுக்க இப்படியே போனது. கோடை லீவில் விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் சுலைகாவின் உம்மா நஜ்முன்னிசா அடுப்பங்கரையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இந்தாருங்க, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா காலேஜ் தொறந்தாலும் பிள்ளை வீட்டுலதான் இருப்பா."

"நான் கராத்தே படிக்கேன் உம்மா," என்றாள் சுலைகா. "படிச்சுட்டு, காலேஜுக்கும் போறேன்."

எண்பதுகளின் பம்பாயில் இது ஒன்றும் பெரிய ஆசை இல்லை. எதிரிகளை எகிறி எகிறி உதைக்கிற சீனப் படங்கள் ஓடாத கொட்டகை இல்லை. சட்டையில்லாத சீனக்காரர் படம் ஒட்டாத சலூன் இல்லை. நேற்றுவரை டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த இடத்திலெல்லாம் இன்று கராத்தே சொல்லிக்கொடுத்தார்கள். எது நல்ல வகுப்பு, எது டுபாக்கூர் என்று யார் கண்டது?

"அதுக்குத்தான் நான் இருக்கேன்லா," என்றார் ரவூப். "நாலு இடத்துல விசாரிச்சுத்தான் சேக்கணும். கண்டவன்ட்டயும் பிள்ளையக் கொண்டுபோய்த் தள்ள முடியுமா?"

ஜூனில் காலேஜ் திறப்பதற்குள் பார்த்தாக வேண்டும். அவருக்கோ பட்டறை திறப்பதற்கு முன்னால்தான் ஓய்வு. வகுப்புகளும் விடிகாலையில்தான் நடக்கும். எனவே எங்கே போனாலும் அவர் போய் நிற்கிற நேரம் எந்த நேரம்? நீங்களே சொல்லுங்கள்.

முதல் வகுப்பு பக்கத்திலேயே, ஒரு கோணிக் கிடங்கின் மாடியில் இருந்தது. நடத்தியவர் பூதத்தான், நாங்குநேரிக்காரர். போர்டில் 'மாஸ்டர் பூத்தா' என்று ஜப்பான் சாயலில் போட்டிருந்தார். ரவூப் உள்ளே நுழைந்ததும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பாயை மிதித்துப் பார்த்தார். சுவரைத் தட்டினார். தொங்கிக்கொண்டிருந்த குத்துமூட்டையைத் திருப்பி, தையலை நகத்தால் நெம்பி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, "இது தோல் இல்ல, ரெக்சின்" என்று முழங்கினார். பூதத்தான் ஆடிப்போய்விட்டார்.

"பாய், ஒங்க கண்ணு கண்ணுதான். இவ்வளவு பேர் வந்தாங்க, ஒருத்தரும் கண்டுபிடிக்கலயே."

இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகு ரவூபால் அந்த மனிதரைக் கெட்டவராக நினைக்க முடியவில்லை. பெண்களுக்கு வகுப்பு உண்டா என்று கேட்டார். லேடீஸ் பேட்ச் அடுத்த மாதம் தொடங்கும் என்றார் பூதத்தான். அப்போது வருகிறேன் என்று எழுந்தார் ரவூப். அங்கேதான் பூதத்தான் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்கு மொத ஆளே நீங்கதான். போணி பண்ணாம எறங்குனா எனக்கு நாள் ஓடுமா? வியாபாரிக்குத் தெரியாததா, பாய்?"

வியாபாரிக்குத் தெரியும். மாடிப்படியில் இறங்குவதற்குத் தூக்கிய கால் அப்படியே நின்றது. ஆனாலும் சும்மா விடுவாரா? அரைமணி நேரம் பேரம் பேசி, சொன்ன கட்டணத்தைப் பாதியாக்கி, மகளுக்காக இடம் பிடித்துவைக்கிற ஏற்பாடாகத் தம்மையே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு, முதுகில் பாம்பு படம் போட்ட வெள்ளை உடுப்போடு வீட்டுக்கு வந்தார். தமக்கு வேண்டவே வேண்டாத பொருளைப் பாதி விலைக்கு வாங்கிய மனிதரின் முகத்தில் வரும் பிரகாசத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடியில்கூடப் பார்த்திருக்கலாம்.

"பிள்ளை இத எப்படிப் போடுவா? ரெண்டு பேர் உள்ள போகலாமே!" என்றாள் நஜ்முன்னிசா.

"நாலு இடம் பாக்க வேண்டாமா? இது ஒரு இடம்," என்றார் ரவூப்.

இரண்டாவது இடம் மாட்டுங்காவில். அங்கே பாய் கிடையாது. தரைக்குக் கம்பளம், சுவருக்குக் கண்ணாடி, வாசலில் மேஜை, மேஜைக்குப் பின்னால் ருக்கு என்றொரு பெண். மாஸ்டரையே பார்க்க முடியாது. அவர் உள்ளே எங்கோ இருந்துகொண்டு "ஹா" என்று கத்துகிற சத்தம் மட்டும் கேட்கும்.

"வாங்கோ சார், உக்காருங்கோ. காப்பி சாப்பிடறேளா?"

"இல்லம்மா, நான் சும்மா விசாரிக்கத்தான்..."

"விசாரிக்கறதுக்குக் காசா கேக்கறோம்? பேஷா விசாரிங்கோ. காப்பி வந்துடறது."

காப்பி வந்தது. குடித்தார். எவனிடமும் ஏமாறாத மனிதர் காப்பியைக் குடித்த பிறகு என்ன செய்ய முடியும்? லேடீஸ் பேட்ச் இங்கேயும் அடுத்த மாதம்தான். இன்று சாயங்காலத்தோடு பழைய கட்டணம் முடிகிறது. நாளை வந்தால் ருக்குவே நினைத்தாலும் குறைக்க முடியாது. போன வாரம்கூட ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போய், பாவம், இன்னும் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் ரவூப் அசையவில்லை. இதையெல்லாம் அவரும் தினமும் கைப்பை வாங்க வருகிறவர்களிடம் சொல்கிறவர்தானே? அவர் எழுந்து செருப்பை மாட்டிய பிறகுதான் ருக்கு பெருமூச்சு விட்டாள்.

"போயிட்டு வாங்கோ. கார்த்தால மொத மொதல்ல வந்தவரே வெறுமனே போறார்னா, இன்னிக்கு நாள் எப்படி விடியப் போறதோ."

செருப்பைக் கழற்றினார். இங்கே வாங்கிய உடுப்பின் முதுகில் புலி.

அதற்குள் கோடை லீவில் பாதி போய்விட்டது. மூன்றாவது இடத்துக்குச் சுலைகா தானும் வருவேன் என்று கிளம்பினாள். செம்பூரில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மராத்திக்கார மாஸ்டர் ஒருவர் கைகட்டி நின்றார். விற்கிற முகமே இல்லை. ரவூப் கேட்பதற்கு முன்பே, "இடம் இல்லை" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார். ரவூபுக்கு இதைவிடப் பெரிய தூண்டில் எது? இடமில்லாத இடம் நல்ல இடமாகத்தானே இருக்க வேண்டும்! பணம் கட்டினால் காத்திருப்போர் வரிசையில் சேர்த்துக்கொள்வாராம்.

"லேடீஸ் பேட்ச் இருக்கா?" என்று ஹிந்தியில் கேட்டாள் சுலைகா.

"அடுத்த மாதம்."

"அப்ப இப்ப வேண்டாம். அடுத்த மாசம் இருந்தா வாரோம்." சொல்லிவிட்டு நடந்தாள். அவ்வளவு சுலபமாக. தண்ணீர் குடிக்கிற மாதிரி.

மாஸ்டர் வானத்தைப் பார்த்து, "காலங்காத்தாலே, போணி நேரத்திலே..." என்று ஹிந்தியில் முனகினார். பம்பாயில் எந்த மொழியில் முனகினாலும் இந்த வார்த்தை ஒன்றுதான். ரவூபுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாசல் வரை ஓடி மகளைப் பிடித்தார்.

"ஏளா, இப்படியா வெடுக்குனு வேண்டாம்ப? அந்த மனுசனுக்கு இன்னிக்கு நாள் வெளங்குமா?"

"அவரு நாள் வெளங்குததுக்கு நாம காசு குடுக்கணுமா வாப்பா?"

"நீ இங்கனயே நில்லு." உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் பொட்டலம். வரிசையில் காத்திருக்கிறவருக்கும் உடுப்பு உண்டாம். கழுகு படம்.

பஸ்ஸில் சுலைகா ஜன்னலோரம் உட்கார்ந்து கழுகுப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"வாப்பா, முக்குல நிக்காம்லா அவன். அவன்ட்ட நான் தெனமும் வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

"ஒறைக்கிற மாதிரிச் சொல்லணும்ளா."

"ஒறைக்கிற மாதிரிதான் சொல்லுதேன். அதுக்கு அவன் என்ன சொல்லுதான் தெரியுமா? வேண்டாம்னா வேணும்னுதான் அர்த்தமாம். பொம்பளப் பிள்ளைக வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாதுகளாம். நீங்க கடையில சொல்லுத அதே பேச்சு. அவன் ஹிந்தியில சொல்லுதான், அதான் வித்தியாசம்."

ரவூபுக்கு வெட்கமாக இருந்தது. கழுகை மடியில் வைத்துக்கொண்டு சயான் வரும்வரை கண்டக்டர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல வராதவருக்கு, அடுத்தவர் வேண்டாம் என்றாலும் காதில் விழாது போலிருக்கிறது. இவ்வளவு காலமும் அது தம்முடைய திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

உடனே திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? பணம் கட்டியாகிவிட்டதே! அடுத்த சில வாரங்கள் அவர் ஒரு நாள் பாம்பாகவும் ஒரு நாள் புலியாகவும் விடியற்காலையில் போய், காலைத் தூக்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். கழுகாகப் பறக்க இன்னும் இடம் காலியாகவில்லை. ஜூன் வந்தது. மழை வந்தது. லேடீஸ் பேட்ச் மட்டும் மூன்று இடத்திலும் அடுத்த மாதமே இருந்தது. நஜ்முன்னிசா சுலைகாவின் காலேஜ் பையைப் பரண்மேல் ஏற்றிவைத்தாள்.

அன்று ராத்திரி சுலைகா சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும், தெருவில் அதே முக்கைத் தாண்டிப் பள்ளிக்கும் காலேஜுக்கும் தையல் வேலைக்கும் போகிற பெண்களை, பேராச்சியில் தொடங்கி சைனப் வரை, வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டு கோணிக் கிடங்கு மாடிக்கு ஏறினாள். பூதத்தான் அப்போதுதான் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். பாம்பு உடுப்பில் ரவூப் ஒரு மூலையில் குனிய முயன்றுகொண்டிருந்தார்.

"மாஸ்டர், வாப்பா கட்டுன காசு எம்பேருக்கு. இவங்களுக்கு வாப்பாவுக்குக் குறைச்ச அதே ரேட்டு. லேடீஸ் பேட்ச் இன்னிக்கே," என்றாள் சுலைகா.

"அடுத்த மாசம் பாப்போம்மா. இப்ப எப்படி..."

"அப்ப வேண்டாம். நாங்க போறோம்." படியில் ஒரு கால் வைத்து, திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கு மொத ஆளு நாங்கதான், இல்லியா? போணி."

பூதத்தான் உதவி கேட்டு ரவூபைப் பார்த்தார். சக வியாபாரி, ஒரு வார்த்தை சொல்லலாம். ரவூப் மேற்கூரையைப் பார்த்தார்.

"அதுக்கில்ல, பாய், ஒரு அட்வான்ஸ் கோர்ஸ் இருக்கு, நீங்க சேர்ந்தீங்கன்னா இதையும்..."

"வேண்டாம்," என்றார் ரவூப். இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையைக் காசு வாங்குகிற மனிதரின் முகத்துக்கு நேராக அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

போணிக்குப் பயந்து பூதத்தான் லேடீஸ் பேட்ச்சை அன்றைக்கே தொடங்கினார். ஒரே வாரத்தில் காலேஜ் பை பரணிலிருந்து இறங்கியது. பூதத்தான் நல்ல வாத்தியார்தான், விற்காத நேரத்தில். அடிப்பதற்கு முன்னால் அடிவயிற்றிலிருந்து கத்தச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் வகுப்பு முடிந்து பெண்கள் கூட்டமாக இறங்கி வந்தபோது லூனாக்காரன் வழக்கம்போலச் சாயா என்றான். சுலைகா "நஹீ" என்றாள். மற்றவர்களும் "நஹீ" என்றார்கள், மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, அடிவயிற்றிலிருந்து. எதிர்க்கடை மாடியில் ஜன்னல்கள் திறந்தன. யாரும் யாரையும் தொடவில்லை. லூனா தானாகவே கீழே விழுந்தது. அவன் அதற்குப் பிறகு அந்த முக்கில் நிற்பதில்லை.

ரவூப்? மறுநாள் காலை கடையேறி வந்த முதல் அம்மாள், ஒரு கைப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வேண்டாம்" என்று சொல்லிக் கீழே வைத்தாள். "அம்மா, நில்லுங்க, வெலயப் பேசிக்கிடலாம்" என்கிற வாக்கியம் ரவூபின் உதடு வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சுலைகா பையை மாட்டிக்கொண்டு, கடைக்கு மேலிருந்த வீட்டிலிருந்து காலேஜுக்கு இறங்கினாள். ரவூப் வாயை மூடினார். அந்த அம்மாள் போய்விட்டாள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் சாயங்காலம் வரை அந்தக் கடையில் ஒரு பைகூட விற்கவில்லை என்பதையும் நான் மறைக்கக்கூடாது. மழையால் என்கிறாள் சுலைகா. போணி போனதால் என்கிறார் ரவூப். சொல்கிறாரே தவிர, மறுநாளும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

சிரிக்கிறீர்கள். எவனிடமும் ஏமாறாத ஒருவர் இப்படியா என்று தோன்றுகிறது. நியாயம்தான். நீங்களாக இருந்தால் முதல் மாடியிலேயே இறங்கிப் போயிருப்பீர்கள். யார் என்ன முனகினாலும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஆனால் ஒரு சந்தேகம். ஆரம்பத்திலேயே நீங்கள்தான் போணி என்று சொல்லிவைத்தேன். நடுவில் எங்கோ ஓர் இடத்தில் போதும் என்று உங்களுக்குத் தோன்றியது. அப்போது ஏன் எழுந்து போகவில்லை?