அலுமாரியைத் தின்ற கோழிகள்

வன்னியில் கறையானை விரட்டாத வீடு கிடையாது. மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், கழிவு எண்ணெய் பூசுவார்கள், சாம்பலை அள்ளிக் கொட்டுவார்கள். அதே வன்னியில் வைக்கோலும் சாணியும் பரிமாறி, தண்ணீர் தெளித்து, கறையானை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்த முட்டாள் நான். அந்தப் பெருமையில் பாதி சங்கிலியருக்குச் சேர வேண்டும்.

சங்கிலியரின் சொந்தப் பெயர் கிளிநொச்சியில் எவருக்கும் தெரியாது. கலியாணவீடோ, கிரிக்கெட்டோ, எந்தக் கதையை எடுத்தாலும் எது எதைத் தின்கிறது என்ற உணவுச் சங்கிலியில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார். அதனால் வந்த பட்டம். கோழித்தீன் கடை வைத்துக்கொண்டு, கோழித்தீன் விற்க மறுத்த வியாபாரி இலங்கையிலேயே அவராகத்தான் இருப்பார். மூடை வந்து இறங்கியதும் வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு, நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உள்ளே சூடு தட்டினால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். மூடை வந்த லொறியிலேயே திரும்பிப் போகும். நல்ல தீன் என்றாலும் இலேசில் தரமாட்டார்.

"அண்ணை, முட்டைக்கோழித் தீன் ஒரு மூடை."

"ஆருக்கு?"

"குஞ்சுகளுக்கு."

"குஞ்சு முட்டை போடுதோ? உதில சுண்ணாம்புச் சத்துக் கூட. குஞ்சின்ர சிறுநீரகம் என்னத்துக்காகும்? பச்சைப்பிள்ளைக்கு ஆரும் சீமெந்து கரைச்சுப் பருக்குவினமே?"

வந்தவர் கோபத்தோடு அடுத்த கடைக்குப் போவார். சங்கிலியர் வாசலுக்கு வந்து அவர் போவதையே பார்த்துக்கொண்டு நிற்பார். கவலை எல்லாம் குஞ்சுகளைப் பற்றித்தான்.

என் மனைவி பவளம் அடைவைத்துப் பொரித்த குஞ்சுகள் செட்டை தொங்கி நின்றபோதுதான் நான் அவரைத் தேடிப் போனேன். சில குஞ்சுகள் ஏற்கனவே செத்துவிட்டன. பவளம் குசினிக்குள் கண்ணைத் துடைத்தாள். நான் ஈர விறகின் புகையாக்கும் என்று நினைத்தேன்.

சங்கிலியர் சைக்கிளில் வந்தார். குஞ்சுகளைப் பார்க்கவில்லை. தீன் மூடை எங்கே என்று கேட்டார். அது குசினி மூலையில், தண்ணீர்க் குடத்தோடு சாய்ந்து நின்றது. வைத்தவன் நான்.

"தம்பி, இது தீன் இல்லை, பூஞ்சணத் தோட்டம். குஞ்சின்ர ஈரலைப் பழுதாக்கிப்போடும்."

"நான் கட்டியளைப் பொறுக்கி எறிஞ்சுபோட்டுத்தானே அண்ணை வைச்சனான்?"

"பாம்பு கடிச்ச இடத்தைத் துடைச்சா விசம் போயிடுமே?"

பிறகு குடையை விரித்துக்கொண்டு தாய்க்கோழியின் பின்னால் வளவெல்லாம் குனிந்து நடந்தார். அது கொத்துவதை எல்லாம் கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொன்னார். "புல்லு விதை... சின்னக் கல்லு... வெட்டுக்கிளி, தப்பிட்டுது!" வேலிக் கரையில் உக்கிய கட்டையைக் கோழி கிளறியதும் போட்ட கூச்சலில் அடுத்த வளவு நாய் குரைத்தது.

"கறையான்! செத்த மரத்தைக் கறையான் திண்ணும், கறையானைக் கோழி திண்ணும். விறகை இறைச்சியாக்கிற மிசின் வேற எங்க கிடக்கு, சொல்லும் பாப்பம்!"

அரிசிக் குருணலும் கீரையும் கொடுக்கச் சொன்னார். மண்பானையில் ஈர வைக்கோலும் சாணியும் அடைத்து, கறையான் ஊரும் இடத்தில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். "வீட்டுப் பக்கம் வேண்டாம். வேலிக் கரையில வையும்."

வேலிக் கரை தூரம். காலையில் புல்லெல்லாம் பனி. நான் பானையைப் படுக்கையறைச் சுவரோடு கவிழ்த்தேன்.

மறுநாள் பானை நிறையக் கறையான். குஞ்சுகள் விழுந்தடித்துத் தின்றன. சில நாட்களில் தொங்கிய செட்டைகள் நிமிர்ந்தன. பவளத்தின் முகமும் நிமிர்ந்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. சுவர் நீளத்துக்குப் பானைகள் வைத்தேன். நான் வேலை செய்யும் கந்தோரில் கோழிப் போசணை பற்றி என் விரிவுரை வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை பவளம் கோயிலுக்குப் போகச் சேலை எடுக்க, அதே படுக்கையறைச் சுவரோடு நின்ற மெலமைன் பலகை அலுமாரியைத் திறந்தாள். கதவு அவள் கையோடு வந்தது. பின்பலகை இருந்த இடத்தில் மண் இருந்தது.

குற்றவாளி என்று சங்கிலியரைக் கூப்பிட்டேன். மனிதர் அலுமாரிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, காதை வைத்து, முகமெல்லாம் பூரித்துப்போனார்.

"பிள்ளை, இஞ்ச வந்து கேளும். சாப்பிடுற சத்தம்!"

பவளத்தின் கையில் விளக்குமாறு. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவள் கிட்டப் போனாள், விளக்குமாற்றைக் கீழே வைத்தாள், குனிந்து காதை வைத்தாள்.

"ஓம் அண்ணை! கேக்குது!"

இரண்டு பேருமாக அலுமாரியை முற்றத்துக்கு இழுத்துப் படுக்கப் போட்டார்கள். சேலைகள் வேலியில் தொங்கின. குஞ்சுகள் தட்டுத் தட்டாக ஏறிக் கொத்தின. வாய்க்கால் வீதியால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

"அண்ணை, என்ர அலுமாரி!" என்றேன்.

"அது எங்கயும் போகேல்லைத் தம்பி. அந்தா, நடந்து திரியுது."

தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார். அவர் தலை மறைந்ததும், "இந்த விசரனை இனி வளவுக்க விடப்படாது" என்றேன்.

பவளம் குஞ்சுகளைக் கூட்டுக்குள் விட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்த மனுசன் வந்தா என்ர குஞ்சுகள் பிழைக்குது. நீங்கள் கைவைச்சாத்தான் ஏதாவது சாகுது. அவர் நாளைக்கும் வரட்டும்."