நாற்பத்தோராவது வரி

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு, உங்கள் அக்கா மகள் போர்வைக்குள்ளிருந்து எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், அப்பா நலம் (குறட்டை கேட்கிறது), என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருந்தால், நாளைக் காலை ஏழு மணிக்கு எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். அப்பாவின் போனில் எழுதினால் எழுத்துக்கு எழுத்து டொக் டொக் என்று சத்தம் வரும், அதை நிறுத்த அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் கணக்கு நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஓரத்தில் இருக்கும் வகுத்தல் கணக்கைப் பார்க்காதீர்கள், அதுவும் தப்பு.

அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவின் வேலையும் தெரியும், நீங்களும் அதே வேலைதான். ஆனாலும் எனக்குப் புரிந்த மாதிரி சொன்னால்தான் நான் எங்கே கவிழ்ந்தேன் என்பது விளங்கும். மருத்துவமனைகளுக்காக அவர்கள் ஒரு ஆப் செய்கிறார்கள். திருடன் நுழைகிற மாதிரி அதில் ஓட்டை இருக்கிறதா என்று மூன்று ஸ்கேனர் மென்பொருள்கள் தேடுகின்றன, மூன்றும் மூன்று குணம். முதலாவதற்கு அம்மா வைத்த பெயர் அழுமூஞ்சி. எதைக் கண்டாலும் 'பேராபத்து' என்று அலறும். இரண்டாவது வாத்தியார், பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும், மார்க் ஏற ஏற ஆபத்து. மூன்றாவது ஊமை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இந்த மூன்று பேர் சொல்வதையும் ஒரே அளவுக்கு மாற்றி, பெரிய ஆபத்து மேலே, அற்பமானது கீழே என்று ஒரே பட்டியலாக அடுக்க வேண்டும். நம் வீட்டுக்கே இப்படி ஓர் அட்டவணை தேவைதான். பேனா மூடி காணாமல் போனால் அப்பா "குடி முழுகிப்போச்சு" என்பார். போன வருஷம் சமையலறைத் திரை பற்றி எரிந்தபோது அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "கொஞ்சம் சரியில்ல, இங்க வர்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை அம்மா சொல்லச் சொல்ல நான் லேப்டாப்பில் தட்டினேன். "வாத்தியாருக்கு ஒம்பது, பத்துன்னா பேராபத்து. போட்டியா?" "போட்டாச்சும்மா." "ஊமைக்கு அஞ்சு வகை..." என்று அவள் ஆரம்பிக்கும்போது வாசலில் மணி அடித்தது, தண்ணீர் கேன்காரர். அம்மா திரும்பி வருவதற்குள் முடித்துவிட்டேன். "அதுக்குள்ளயா? என் தங்கம்!" என்றாள். அந்தத் தங்கம்தான் என்னைக் கெடுத்தது சித்தி. வாத்தியாருக்குப் பெரிய எண் ஆபத்து என்றால் ஊமைக்கும் அப்படித்தான் என்று நானே முடிவு செய்து, ஐந்தை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கினால் யாருக்காவது ஆபத்தா?

அம்மாவோ அலுவலகம் முழுக்க "என் பொண்ணு போட்ட அட்டவணை" என்று பீற்றிக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து பன்னிரண்டு பேர் பட்டியலின் மேலிருந்து ஒவ்வொன்றாக அடைத்து வருகிறார்கள். இன்று சாயங்காலம் அம்மாவின் மேசையில் ஊமையின் விளக்கத் தாளைப் பார்த்தேன். 'ஒன்று: உடனே கவனிக்கவும். ஐந்து: நேரம் கிடைத்தால்.' நான் போட்டது அப்படியே தலைகீழ். ஊமை ஒரே ஒரு ஓட்டைக்குத்தான் ஒன்று போட்டிருக்கிறது: பாஸ்வேர்ட் இல்லாமலே யாரும் உள்ளே போகலாமாம். அது பட்டியலின் கடைசியில், நாற்பத்தோராவது வரியில் கிடக்கிறது. முதல் இருபது வரி முடிந்ததால் நாளைப் பத்து மணிக்கு ஆப்பை வெளியிடப் போகிறார்கள். ஊரில் உள்ளவர்களின் நோயெல்லாம் தெருவுக்கு வந்துவிடும், அம்மாவுக்கு வேலை போய்விடும். இரவு சாப்பிடும்போது அம்மா, "கொஞ்சம் சரியில்ல" என்று முணுமுணுத்தாள். "உப்பா?" என்றார் அப்பா. நான் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

ஆகவே நீங்கள் ஏழு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, எதுக்கும் ஊமையோட அளவை ஒரு தடவ பாத்துடு, எங்க ஆபீஸ்ல ஒருத்தன் தலைகீழா போட்டுட்டான்" என்று தற்செயலாகச் சொல்ல வேண்டும். என் பெயர் வரவே கூடாது. இதைச் செய்தால் உங்கள் இரட்டை வால்களை ஒரு வருஷம், விடுமுறை தோறும், நானே மேய்க்கிறேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். வால்களுக்கு முத்தம், கடிக்காமல் இருந்தால். உங்கள் கையில் இருக்கும் ஆசி மொத்தத்தையும் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
காலை ஏழு மணி வரை அம்மாவின் தங்கம்

பின்குறிப்பு: கூப்பிட வேண்டாம் சித்தி. போனை எடுக்கப் போனபோது கூடத்தில் விளக்கு எரிந்தது. அம்மா இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறிப்போய் எதையோ அழுத்தி லேப்டாப்பை மூடினாள். நான் நோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். "தூங்கலயாடி?" "நீ தூங்கலயா?" அவ்வளவுதான், அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "சாயங்காலமே பாத்துட்டேன்டி. சரிபாக்காம அனுப்பினது நான்தானே? விடிஞ்சதும் ஆபீஸ்ல சொல்லணும். உன் பேரு வராம எப்படிச் சொல்றதுன்னு சித்தியக் கேட்டு எழுதிட்டிருந்தேன்" என்றாள். பிறகு இருவரும் பட்டியலைத் திறந்தோம். நாற்பத்தோராவது வரியில் ஓட்டை இருக்கும் இடத்தை நான் உரக்கப் படித்தேன்: லாகின் பக்கம், எழுபத்திரண்டாம் வரி. அம்மா முதல் வரியைப் பார்த்தாள். அழுமூஞ்சி அலறியிருந்த பேராபத்து: லாகின் பக்கம், எழுபத்திரண்டாம் வரி. "அம்மா, ரெண்டும் ஒரே ஓட்டைம்மா!" அதைத் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகவே அடைத்துவிட்டார்கள். அம்மா சிரித்த சிரிப்பில் அப்பா எழுந்து, "குடி முழுகிப்போச்சு, திருடனா?" என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டார். இப்போது ஊமையின் மிச்ச எண்களைத் திருப்பிப் போடுகிறோம், அம்மா சொல்ல நான் தட்டுகிறேன். வால்களை மேய்க்கும் ஒப்பந்தம் ரத்து. அம்மா பதற்றத்தில் அழுத்தியதில் அவள் கடிதம் உங்களுக்கு வந்துவிட்டதாம். சரி, இதுவும் வரட்டும். அது ஒரு பக்கம் அலறும், இது ஒரு பக்கம் அலறும். இரண்டும் ஒரே ஓட்டை சித்தி, ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.