மாமனார் வீட்டு டி.வி.யில் வெளுத்த மயில்

ஒரு காட்டில், கரண்ட் கம்பியும் செல்போன் டவரும் வந்து, அவற்றின் பின்னாலேயே கல்யாணப் புரோக்கரும் வந்துவிட்ட பிறகு, கார்மேகம் என்று ஒரு மயில் இருந்தது. கழுத்தெல்லாம் நீலம், தோகையெல்லாம் பச்சையும் பொன்னும். அழகில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஓடைக்கு அக்கரையில் இருந்த வடிவு என்ற பெண்மயில்மேல் அவன் உயிரையே வைத்திருந்தான்; அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆடியில் கல்யாணம் கூடாது. புரட்டாசியில் தோகை உதிர்ந்துவிடும். இடையில் இருக்கிற ஆவணியை விட்டால், வடிவை வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

புரோக்கர் பச்சோந்தியிடம் போய் நின்றான்.

“இப்பல்லாம் ஜாதகத்துக்கு முன்னாடி வீடியோதான் தம்பி கேக்காங்க. நல்லா ஒரு ஆட்டம் ஆடி அனுப்பு” என்றது பச்சோந்தி.

வீடியோ எடுக்கக் குரங்கு வந்தது. “அண்ணாச்சி, இது எச்.டி.ஆர். வெயிலும் அப்படியே விழும், நிழலும் அப்படியே விழும். ஒவ்வொரு இறகும் தனித்தனியா மின்னும் பாருங்க.”

சொன்னது பொய்யில்லை. குரங்கின் போனில் தன்னைப் பார்த்த கார்மேகத்துக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள்.

மறுநாளே பதில் வந்தது. பெண்ணின் அப்பா மாசானம் சொல்லியனுப்பியிருந்தார்: “பையன் நல்ல வெளுப்பு. எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நேர்ல வரச் சொல்லுங்க.”

வெளுப்பா? கார்மேகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூப்பிட்டு விட்டார்களே என்று குரங்கையும் கூட்டிக்கொண்டு ஓடினான்.

வாசலில் அவனைப் பார்த்ததும் மாசானத்தின் முகம் சுருங்கியது. அலகால் எச்சில் தொட்டு அவன் கழுத்தில் தேய்த்துப் பார்த்தார். நீலம் போகவில்லை.

“என்ன தம்பி, இவ்வளவு கறுப்பா இருக்கீங்க? வீடியோவுல அப்படி இல்லையே!”

வீட்டுக்குள் ஒரு பழைய டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதில் சாம்பலில் புரண்டு எழுந்த கோழி மாதிரி ஒன்று தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. அது தான்தான் என்று புரிந்துகொள்ள கார்மேகத்துக்குச் சற்று நேரம் பிடித்தது.

குரங்கு முன்னால் வந்தது. “ஐயா, இந்த வீடியோவோட வெளிச்சக் கணக்கு உங்க டி.வி.க்குத் தெரியாது. அதான் கலரை வெளுத்துக் காட்டுது.”

“எங்க கல்யாணத்துல வாங்கின டி.வி. இது” என்றார் மாசானம். “இன்னிக்கு வரைக்கும் பொய் சொன்னதில்ல. உங்க மாப்பிள்ளையத்தான் எனக்குத் தெரியாது.”

உள்ளே கதவிடுக்கில் வடிவின் கொண்டை தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு உண்மைக்காக வாதாடக் கார்மேகத்துக்கு மனம் வரவில்லை.

“வெயில்ல நடந்து வந்ததுல கறுத்துட்டேன் மாமா. ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்” என்றான்.

தெளிந்தது. அடுப்புச் சாம்பலை அள்ளிக் கழுத்திலும் தோகையிலும் பூசிக்கொண்டு மறுபடி போய் நின்றபோது, மாசானம் டி.வி.யையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதுதான் பையன்!” என்று கட்டிக்கொண்டார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அன்றிலிருந்து தினமும் வடிவு எழுந்திருப்பதற்கு முன் கார்மேகம் அடுப்படிக்குப் போய்விடுவான். மழை வந்தால் காட்டிலுள்ள மயில்களெல்லாம் ஆட வெளியே ஓடும். கார்மேகம் மட்டும் நனையாமல் உள்ளே ஓடுவான். ஆடாமல் இருப்பது மனசுக்கு வலித்தது. இருந்தாலும் வடிவு பக்கத்தில் இருந்தாளே, அது போதும் என்றிருந்தான். புரட்டாசியில் தோகையும் உதிர்ந்தது.

ஐப்பசியில் தலை தீபாவளி வந்தது. “மாப்பிள்ளைக்கு வேட்டி போதுமா, புது டி.வி. எடுக்கவா?” என்று கேட்டார் மாமனார். தனக்கு வந்த மரியாதையில் குளிர்ந்துபோன கார்மேகம், “டி.வி.யே எடுங்க மாமா. பெருசா” என்றான்.

சுவரளவு டி.வி. வந்து இறங்கியது. முதலில் எதைப் போடுவது? மாப்பிள்ளையின் ஆட்டத்தைத்தான்.

போட்டார்கள். சுவரில் நீலம் எரிந்தது. தோகையின் பொன் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. குரங்கு சொன்ன வெளிச்சக் கணக்கு இந்த டி.வி.க்குத் தெரிந்திருந்தது.

“நாம பேசி முடிச்சது இவரைத்தானே?” என்று டி.வி.யைக் காட்டினார் மாசானம், சாம்பல் பூசிய மருமகனை மேலும் கீழும் பார்த்தபடி.

கார்மேகம் முற்றத்துக்கு ஓடினான். ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நீலக் கழுத்து சொட்டச் சொட்ட, மொட்டை வாலோடு டி.வி. முன்னால் வந்து நின்றான்.

“வடிவு, நான்தான் அது. நல்லாப் பாரு. நானேதான்!”

வடிவு பார்க்கத்தான் செய்தாள். அவள் கண்களில் கண்ணீரே வந்துவிட்டது. இத்தனை நாளும் அவன் ஏங்கிய பார்வை அதுதான்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்” என்றாள். “அவரை மறைக்குது.”

நீதி: அழகனாகப் பிறந்தால் மட்டும் போதாது, தலை தீபாவளிக்கு மாமனார் புது டி.வி. எடுக்கவா என்றால், வேட்டியே போதும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.